வரிசையில் முன்னால் இருப்பவர்

பேய்க்கு முறைப்படி மின் இணைப்பு கொடுத்த மனிதன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். கொக்கி போட்டுத் திருட்டுத்தனமாகக் கொடுக்கவில்லை. தனி வயர், பாரம் தாங்குமா என்று கணக்குப் பார்த்துப் போட்ட இணைப்பு, எல்லாம் சுத்தம். அந்த அம்மாள் பக்கத்திலிருந்து இன்றுவரை ஒரு புகார் கிடையாது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மச்சானும் இப்படித்தான் சிரித்தார்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். மின் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் அவருக்கு ‘ஆதாரம்’ என்று பட்டப்பெயர். காலை வணக்கம் சொன்னால்கூட, இது காலைதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஜன்னலைப் பார்ப்பார். நான் துணைமின் நிலையத்தில் ஸ்விட்ச் போடுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் போட்ட ஸ்விட்சில் பாதி நாடு விளக்கேற்றியது. மீதிப் பாதியை என் வீட்டுக்காரி ஒப்புக்கொள்வதில்லை.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தது நல்ல வெயில் நாளில். பயப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை. வெள்ளைச் சுவர், அகல ஜன்னல்கள், ஓட்டை விழாத தண்ணீர்க் குழாய். கூடத்தின் கோடியில் மட்டும் ஒரு கதவு மற்ற கதவுகளைவிட மூன்று மடங்கு தடிமனாக இருந்தது. திறந்தால் ஜன்னலே இல்லாத சின்ன அறை. சுவர் முழுக்கக் கறுப்பு நுரைப்பஞ்சு. அதற்கடியில் தகரம். தரையில் கணுக்கால் புதைகிற கம்பளம். உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் கையிலேயே செத்து விழுந்தது.

“முன்னாடி இருந்த அம்மா குரல் குடுக்கறவங்க சார்” என்றார் வீட்டுத் தரகர். “போன்ல ‘தயவுசெய்து காத்திருக்கவும்’னு வருமே, அது அவங்கதான். லிப்டுல ‘கதவு மூடுகிறது’ன்னு வருமே, அதுவும் அவங்கதான். வீட்டுலயே உக்காந்து பேசி அனுப்பிருவாங்க.”

“இப்ப அவங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

“போயிட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டுத் தரகர் மொட்டைமாடித் தொட்டியைக் காட்ட ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாகப் படியேறியவரை நான் பார்த்ததில்லை.

எங்கே போனார் என்பது பிறகு தெரிந்தது. மருந்துக்கடையில் கேட்டுவந்து வீட்டுக்காரி சொன்னாள்.

“அந்த ரூம்லதாங்க போயிருக்காங்க. உள்ள பேசிப் பதிவு பண்ணிட்டு இருந்தப்ப கதவுக் கைப்பிடி கையோட வந்துருச்சாம். கத்தியிருக்காங்க, தட்டியிருக்காங்க. தெருவுல ஜனம் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும்தான் இருந்திருக்கு. ஒருத்தருக்கும் கேக்கல. சத்தம் வெளிய போகக் கூடாதுன்னுதானே அந்த ரூமையே கட்டினாங்க.”

அப்போது மச்சானும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். “மருந்துக்கடையில சொன்னதுக்கு என்ன ஆதாரம்? ரசீது குடுத்தாங்களா?”

“உங்களுக்கெல்லாம் பட்டாத்தான் புத்தி வரும்ணே” என்றாள் அவள். அன்றே ஒரு செங்கல்லைக் கொண்டுபோய் அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். யார் உள்ளே போனாலும் செங்கல் நகரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்த அறையில்தான் என் சர்வர் இருந்தது. சர்வர் என்றால் ஏதோ பெரிய கம்பெனிச் சமாச்சாரம் என்று மிரள வேண்டாம். ஒரு உயரமான கம்ப்யூட்டர் பெட்டி, அதற்குள் அடுக்கடுக்காக ஹார்ட் டிஸ்க்குகள், பக்கத்தில் கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்க ஒரு யுபிஎஸ். அவ்வளவுதான். சொந்தபந்தம் அத்தனை பேருடைய கல்யாண வீடியோவும் அதில் கிடந்தது. நேரில் முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பா பெரியப்பாக்கள்கூட என் பெட்டிக்குள் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் சுற்றுகிற இரைச்சல் வீட்டுக்காரிக்கு ஆகாது. அதனால் அதை நாடு கடத்தி அந்த அறையில் வைத்திருந்தோம்.

இடம் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அறையின் சுவர் அலமாரியில் மூன்று பழைய டிஸ்க்குகள் துணியில் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தேன். அந்த அம்மாளுடையவை. இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது கனமாக, குளிர்ந்து, இரும்புத் துண்டுபோல இருந்தது. சும்மா கிடைத்ததை விடுவேனா?

இங்கேதான் எங்கள் இனத்துக்கே உரிய தவறு நடந்தது. மச்சானும் நானும் லட்சம் வோல்ட்டுக்கு மேல் சீறுகிற இடத்தில் ஆயுள் முழுக்க நின்றவர்கள். டிஸ்க்குக்குப் போவதோ பன்னிரண்டு வோல்ட்டும் ஐந்து வோல்ட்டும். அது எங்கள் கணக்கில் மின்சாரமே இல்லை. சளி பிடித்த மின்சாரம். நாக்கில் வைத்தால் கூசும், அவ்வளவுதான். பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையில் தனி வயர் ஒன்று சும்மா சுருண்டு கிடந்தது. மேல் தட்டுக்கு எட்டவில்லை என்று அதை விட்டுவிட்டோம். ஏற்கெனவே பாரம் இழுத்துக்கொண்டிருந்த வயரின் நுனியில், ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒன்றைச் செருகி, அதன் கிளையில் இன்னொரு ஸ்ப்ளிட்டரைச் செருகி, புது டிஸ்க்குகளை மாட்டிவிட்டோம். பிளாஸ்டிக்கை உருக்கி வயர் மேல் ஊற்றி அச்சடித்த மலிவு ஸ்ப்ளிட்டர். உள்ளே கம்பி கம்பியை உரசிக்கொண்டிருந்தாலும் வெளியே தெரியாது.

“இது தாங்குமா மச்சான்?”

“பன்னெண்டு வோல்ட்டுக்கு எறும்புகூட சாகாது மாப்ளே. மாட்டுங்க.”

நாட்டுக்கே பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்த வாய் அது.

மாட்டிய மறுநாளே அந்தக் கனமான டிஸ்க் தகராறு செய்தது. சுற்ற ஆரம்பிக்கும், வேகம் பிடிக்கும், உடனே ‘டிக்’ என்று செத்து நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். மச்சானை மத்தியானம் வரச் சொன்னேன். வந்தவர் காதைப் பெட்டியோரம் வைத்துப் பார்த்தார்.

“உங்க வீட்டு டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கதவைச் சாத்துங்க. சத்தம் கேட்டே நோய் சொல்றேன்.”

“செங்கல்லை எடுத்தா உங்க தங்கச்சி என்னை வச்சுச் செய்வா.”

“தங்கச்சிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.” அவரே செங்கல்லைக் காலால் தள்ளினார். கதவை இழுத்துச் சாத்தினார்.

கதவு மூடிய விதம் இருக்கிறதே, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியது போல இருந்தது. டிவி, தெரு, காற்று எல்லாம் ஒரே வெட்டில் போய்விட்டன.

சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டோம். எல்லா டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க முயன்று முனகின. எழும்போதுதான் டிஸ்க்குக்குப் பசி அதிகம். எழுந்த பிறகு கொஞ்சம் போதும். அத்தனை பேரும் ஒரே குழாயில் வாய் வைத்தால் கடைசியில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? மற்றவை ஒருவழியாகச் சுற்றின. கனமான டிஸ்க் மட்டும் சுற்றி, நின்று, சுற்றி, நின்று…

அந்தச் சுற்றலுக்கு நடுவில்தான் அது கேட்டது.

மெல்லிய, இனிமையான, ரொம்பப் பழகிய குரல்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும். உங்களுக்கு முன்னால்…”

டிக்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் பெட்டியைப் பார்த்தார்.

“ஸ்பீக்கர் எங்க இருக்கு?”

“ஸ்பீக்கரே கிடையாது மச்சான்.”

“உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து…”

டிக்.

“இதுல என்ன இருக்கு?” என்றார் மச்சான். குரல் மட்டும் ஒரு படி இறங்கியிருந்தது. “டிஸ்க்குக்குள்ள முள்ளை ஆட்டறது ஒரு கம்பிச் சுருள். ஸ்பீக்கர்லயும் அதே மாதிரி சுருள்தான். பழைய பதிவு ஏதோ அதுல பாடுது. அறிவியல் மாப்ளே, அறிவியல்.”

அப்போது விளக்கு அணைந்தது.

கரண்டு கட். எங்கள் பழைய ஆபீஸ் ஆட்கள்தான். ஓய்வு பெற்றபின் அவர்கள்மேல் எனக்கு அத்தனை கோபம் அதற்குமுன் வந்ததில்லை. யுபிஎஸ் ‘பீப்… பீப்…’ என்று அழுதுகொண்டு சர்வரைத் தாங்கிப் பிடித்தது. அதன் சின்னப் பச்சை வெளிச்சத்தில் மச்சானின் மூக்கு மட்டும் தெரிந்தது.

அந்த மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது.

“ஏதோ கருகுது.”

பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை. தொண்டையில் ஒட்டுகிற, இனிப்புக் கலந்த நாற்றம். நான் கதவுக்குப் பாய்ந்து கைப்பிடியை இழுத்தேன்.

கைப்பிடி கையோடு வந்தது.

அதன் நடுத்தண்டு அந்தப் பக்கமாக நழுவிப் போனதை விரல் நுனியில் உணர்ந்தேன். வெளியே தரையில் விழுந்திருக்க வேண்டும். விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.

எங்கள் சத்தமும் அங்கே கேட்காது.

“விளையாடாதீங்க மாப்ளே.”

“விளையாடற மூஞ்சியா இது?”

“இருட்டுல எப்படித் தெரியும்?”

என் போனை எடுத்து டார்ச் போட்டேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தகரச் சுவருக்குள் எங்கிருந்து வரும்? மச்சானின் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. கதவின் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினோம். சும்மா சுற்றியது. இருவரும் சேர்ந்து தட்டினோம், உதைத்தோம், கத்தினோம். மச்சான் தன் தங்கையின் செல்லப் பெயரைச் சொல்லிக்கூட அலறினார். நுரைப்பஞ்சு அத்தனையையும் சப்பித் தின்றது.

வீட்டுக்காரி நாலு சுவர் தள்ளித்தான் இருந்தாள். ஆனால் நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் போனால் பசிக்கும்வரை வெளியே வரமாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். நாங்களோ அப்போதுதான் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டிருந்தோம்.

புகை டார்ச் வெளிச்சத்தில் நூல் நூலாக ஏறியது. ஜன்னல் இல்லை. காற்று போக வழியில்லை. நெருப்புப் பிடிக்கக்கூட வேண்டாம், இந்தப் புகையே எங்கள் இருவருக்கும் போதும்.

மச்சான் பெட்டிக்குள் கைவிட்டு ஸ்ப்ளிட்டரைத் தொட்டார். “ஐயோ!” என்று கையை உதறினார். அந்த பிளாஸ்டிக் மெழுகாக இளகி அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. எறும்பைக்கூடக் கொல்லாத பன்னிரண்டு வோல்ட்!

“பிளக்கைப் புடுங்குங்க!”

யுபிஎஸ்ஸிலிருந்து சர்வர் பிளக்கைப் பிடுங்கினேன். யுபிஎஸ்ஸையும் அணைத்தேன். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு அடங்கின. பீப் நின்றது. போன் பேட்டரி போய்விடுமே என்று டார்ச்சையும் அணைத்தோம்.

அப்படி ஒரு அமைதியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது. மச்சான் எச்சில் விழுங்குவது கேட்டது. அவருடைய மூச்சு கேட்டது. என்னுடைய மூச்சு கேட்டது.

“மாப்ளே.”

“ம்.”

“என் தோள்ல கை வச்சிருக்கீங்களா?”

“இல்ல மச்சான்.”

“அப்ப… மூச்சைக் கொஞ்சம் அடக்குங்க.”

அடக்கினேன். அவரும் அடக்கினார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில், மிக அருகில், பொறுமையாக யாரோ இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அது பேசியது. இப்போது டிஸ்க் சுற்றவில்லை, சுருளும் இல்லை, அறிவியலும் இல்லை. ஈரமான வாயிலிருந்து, காதோரத்தில், கெஞ்சலாக வந்தது.

“உங்களுக்கு… முன்னால்… ஒருவர்… காத்திருக்கிறார்.”

மச்சான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடியில் பெல்ட்டில் ஒரு புது ஓட்டை விழுந்தது. இன்றும் அதில்தான் மாட்டுகிறேன். நானும் சும்மா இல்லை. நாற்காலி மேல் ஏறியிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது.

ஆனால் பாருங்கள், ஆயுள் முழுக்க கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவனுக்கு மண்டை இப்படிப்பட்ட நேரத்தில்தான் வேலை செய்யும். அந்த வாக்கியத்தை நான் மெள்ளத் திருப்பிப் பார்த்தேன்.

“மச்சான். அந்தம்மாதான் முன்னால இருக்காங்க.”

“எதுக்கு முன்னால?”

“வெளிய போற வரிசைல. அவங்க போனாத்தான் நாம போகலாம். ஆனா அவங்க முறை வரவே மாட்டேங்குது. டிஸ்க் எழுந்திருக்கும், வரிசை ஆரம்பிக்கும், கரண்டு பத்தாம ‘டிக்’னு செத்துரும். மறுபடி முதல்லேர்ந்து. எத்தனை தடவை கேட்டோம்? ‘உங்களுக்கு முன்னால்’ங்கறதைத் தாண்டவே இல்ல. நாமதான் பட்டினி போட்டு அவங்களைத் திரும்பத் திரும்ப வரிசைல கடைசிக்குத் தள்ளிக்கிட்டு இருக்கோம்.”

“இதுக்கு என்ன…” என்று ஆரம்பித்தார் மச்சான். அந்த மூச்சு அவர் பக்கம் திரும்பியது போலிருந்தது. ‘ஆதாரம்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டார். “சரி, என்ன பண்ணணும்?”

“அவங்களுக்கு மட்டும் தனி லைன்.”

“பொசுங்கின பெட்டிக்குத் திரும்ப கரண்டா? செத்தாலும் ஸ்விட்ச் போட விடமாட்டேன்.”

“போடலன்னாலும் அதேதான் மச்சான்.”

புகை அவரை இருமவைத்தது. நீண்ட நேரம் இருமினார். அதற்குப் பிறகு டார்ச்சை அவரே போட்டார்.

வெளிச்சத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் தெரிந்தோம். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

வேலையில் இறங்கினோம். மச்சானை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும், கையில் வேலை வந்தால் மனிதர் வேறு ஆள். உருகிய ஸ்ப்ளிட்டர்களை அறுத்து எறிந்தார். மற்ற டிஸ்க்குகளின் கனெக்டர்களை எல்லாம் பிடுங்கி ஒதுக்கினார். கனமான டிஸ்க்கை மேல் தட்டிலிருந்து இறக்கி அடித்தட்டில் பொருத்தினார். அங்கேதான் அந்தத் தனி வயர் சுருண்டு கிடந்தது, பவர் சப்ளையிலிருந்து நேராக வருகிற, நடுவில் எந்த ஒட்டும் இல்லாத வயர். அதன் கனெக்டரை இரண்டு தடவை ஊதி, மூன்று தடவை உற்றுப் பார்த்துச் செருகினார்.

முதலிலேயே இந்த மரியாதையைப் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கொடுத்திருந்தால் எங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது.

நான் பிளக்கைச் செருகி, யுபிஎஸ் பொத்தானில் விரல் வைத்தேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்விட்ச் போடுகிறவன் தானாகப் போடமாட்டான். மேலே வேலை பார்ப்பவர் உரக்கச் சொல்லவேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய வழக்கம். எங்களுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

“கையை எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“டூல்ஸ் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“எல்லாரும் விலகியாச்சா?”

“விலகியாச்சு.”

அதைச் சொன்னது மச்சான் இல்லை.

நான் பொத்தானை அழுத்தினேன்.

யுபிஎஸ் வேகவேகமாக பீப் அடித்தது. பேட்டரி சாகப்போகிற பீப். டிஸ்க் லேசாக அசைந்தது. முனகியது. சுற்றியது. வேகம் பிடித்தது. நாங்கள் இருவரும் அந்த ‘டிக்’குக்காகக் கண்ணை மூடிக்கொண்டோம்.

டிக் வரவில்லை.

சீராக, வழுவழுவென்று, தொண்டையில் எதுவும் அடைக்காத சுற்றல்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும். உங்களுக்கு முன்னால் ஒருவர் காத்திருக்கிறார்.”

பீப் பீப் பீப்.

“தயவுசெய்து காத்திருக்கவும்.”

“காத்திருக்கோம்மா, காத்திருக்கோம்” என்றார் மச்சான், கைகூப்பி.

பீப்பெல்லாம் சேர்ந்து ஒரே நீளச் சத்தமாக ஆனது.

“காத்திருந்தமைக்கு நன்றி. இப்போது உங்கள் முறை.”

எங்களுக்கு நடுவே ஒரு துணி உரசிப் போனது. கம்பளத்தில் காலடி பதிந்தது, பதிந்த இடம் மெள்ள நிமிர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் இருவரும் பார்த்தோம். கைப்பிடி இல்லாத அந்தக் கதவில் பூட்டின் நாக்கு ‘களுக்’ என்று உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு திறந்தது. மத்தியான வெயில் குடம் குடமாக உள்ளே கொட்டியது.

நாங்கள் ஓடினோம். என்னைவிட நாலு வயது மூத்தவர், முழங்கால் வலிக்காரர், என்னைத் தாண்டி ஓடினார்.

வாசற்படி தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கடைசியாக ஒன்று சொன்னது. அதே இனிமை, அதே மரியாதை.

“உங்களுக்குப் பின்னால் பலர் காத்திருக்கிறார்கள்.”

யுபிஎஸ் செத்தது.

கூடத்தில் வீட்டுக்காரி பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரிபிடித்த எங்கள் முகத்தைப் பார்த்தாள். தூரத்தில் உருண்டு கிடந்த செங்கல்லைப் பார்த்தாள். கதவிலிருந்து மூன்று எட்டு தள்ளித் தரையில் கிடந்த கைப்பிடித் தண்டையும் பார்த்தாள்.

“செங்கல்லை யாரு எடுத்தது?” என்று மட்டும் கேட்டாள்.

மச்சான் என்னைக் கைகாட்டினார். நன்றி கெட்ட மனிதர்.

அடுத்து வந்த மாதங்களில் அவர் பழைய ஆதாரமாகவே மாறிவிட்டார். பிளாஸ்டிக் புகை மூளைக்கு ஏறினால் இல்லாத சத்தமெல்லாம் கேட்குமாம். கதவின் நாக்கு தேய்ந்ததாம், நாங்கள் உதைத்த உதையில் தானாக விட்டதாம். கல்யாண வீடுகளில் நான் கதையை ஆரம்பித்ததுமே, “மாப்ளே ஒரு ஸ்ப்ளிட்டரை எரிச்சுட்டு அதை மறைக்கப் பேயைக் கூட்டிட்டு வந்துட்டாரு” என்பார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். நல்ல வசனம்தானே.

நான் மட்டும் சும்மா இருக்கவில்லை. பலர் காத்திருக்கிறார்கள் என்று சொன்ன பிறகு எப்படி இருப்பது? பெரிய பவர் சப்ளை வாங்கினேன். அதனோடு வந்த வயர் தவிர வேறு எதையும் தொடவில்லை. கம்பெனி மாறிய வயர் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஊசி வரிசை மாறியிருக்கும், மொத்த டிஸ்க்கும் பஸ்பம். ஒரு வயருக்கு அது தாங்குகிற அளவுக்குத்தான் டிஸ்க். ஸ்ப்ளிட்டர் என்ற வார்த்தைக்கே வீட்டில் தடை. டிஸ்க்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்படி வைத்தேன், ஒரே நேரத்தில் குழாயில் வாய் வைக்காதபடி. அந்தக் கனமான டிஸ்க்குக்கு மட்டும் முழுசாக ஒரு தனி வயர். கதவைக் கழற்றி விறகுக்குப் போட்டேன். டிஸ்க்குகளுக்கு இருமல், கனைப்பு, ஒரு குறை இல்லை. எப்போதாவது சாயங்காலம் கூடத்தில் யாரோ நகர்ந்து நிற்பதுபோல இருக்கும், முன்னால் இருப்பவர் போனதும் நாம் ஒரு அடி எடுத்து வைப்போமே அந்த மாதிரி. அவ்வளவுதான்.

போன வாரம் மத்தியானம் மச்சான் வந்தார்.

“இன்னிக்கு இதை முடிச்சுரலாம் மாப்ளே. அந்த டிஸ்க்கைக் கழட்டிக் குடுங்க. எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடறேன். உங்க கதையும் அதோட போகட்டும்.”

“நான் கழட்ட மாட்டேன். நீங்களே கழட்டுங்க.”

கழற்றினார். முறைப்படிதான். சர்வரை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், எல்லாம் அடங்கும்வரை நின்றார். கனெக்டரை உருவினார். டிஸ்க்கை வெளியே எடுத்து, கூடத்து ஜன்னலோர வெயிலில் கொண்டுவந்து எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் காட்டினார். ஒரு வயர் இல்லை. ஒட்டு இல்லை. நிர்வாண இரும்பு.

“பாரு தங்கச்சி. இதான் உன் வீட்டுக்காரரோட பேய்.”

சொல்லிக்கொண்டே அதைத் திருப்பிக் காட்ட மணிக்கட்டைத் திருப்பினார்.

மணிக்கட்டு திரும்பவில்லை.

சுற்றுகிற டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அது வர மறுக்கும். நீங்கள் ஒரு பக்கம் திருப்பினால் அது வேறு பக்கம் இழுக்கும், அடம்பிடிக்கிற குழந்தையின் கைபோல. நின்றுபோன டிஸ்க் அப்படிச் செய்யாது. அது வெறும் கல்.

மச்சான் மறுபடி திருப்பினார். அது அவர் கையை மறுபக்கம் இழுத்தது. இடக்கைக்கு மாற்றினார். இடக்கையையும் இழுத்தது. டிஸ்க்கைக் காதில் வைத்தார்.

அவர் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அது வெளுத்ததை நான் பார்த்தேன்.

“என்னண்ணே கேக்குது?” என்றாள் வீட்டுக்காரி.

அவர் டிஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கதவில்லாத அந்த அறைக்குள் மெள்ள நடந்து போனார். அடித்தட்டில் வைத்தார். கனெக்டரை ஊதி, பார்த்து, செருகினார். கையை எடுத்தாச்சு, டூல்ஸ் எடுத்தாச்சு என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். ஸ்விட்சைப் போட்டார். வெளியே வந்து, சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

“அண்ணே, சொல்லுங்கண்ணே.”

“உன் வீட்டுக்காரர் சொல்றதுல முக்காவாசி புளுகு தங்கச்சி” என்றார் மச்சான், தம்ளரைக் கீழே வைத்து. “பெல்ட்டுல ஓட்டை விழல. முழங்கால் வலியோட நான் ஓடவும் இல்ல.”

அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ஆனா அது நடந்தது.”